நடுக்காரன் சேந்தனும் மூன்று வாத்தியார்களும்

நாணல்மேட்டு ஏரியில் ஒரு கூழைக்கடாக் கூட்டம் வாழ்ந்துவந்தது. ஏரியின் நடுவே தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களில்தான் அவற்றின் கூடுகள். அந்தக் கூட்டத்தில் யாரும் தனியாக மீன் பிடிப்பதில்லை. எல்லோரும் பிறை போல வளைந்து நீந்துவார்கள். சிறகால் தண்ணீரை அடித்து மீன்களைக் கரையோரமாக விரட்டுவார்கள். மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒதுங்கியதும், எல்லோரும் ஒரே நேரத்தில் தாடைப் பையை விரித்து அள்ளுவார்கள்.

இதில் ஒருவன் பிசகினால் எல்லோருக்கும் பட்டினி. அவன் பெயர் நடுக்காரன். வளைவின் நடுவில் நீந்தி, மீன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கணித்து, "இடம்", "வலம்" என்று குரல் கொடுப்பான். கடைசியில் "அள்ளு" என்பான். அந்தச் சொல் சற்று முந்தினால் மீன் இன்னும் கூடியிருக்காது. சற்றுப் பிந்தினால் மீன் போயே போயிருக்கும்.

அந்த வருஷம் பழைய நடுக்காரருக்குக் கண் மங்கிவிட்டது. கூட்டத்தின் தலைவர் பெருந்தாடையார் இளம் பறவைகளை எல்லாம் கரையில் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவரின் கழுத்து நீளத்தையும் பார்த்தார். சிறகை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் கரையில் ஓடச் சொன்னார். தண்ணீரில் மீன் பிடிக்கும் பறவை கரையில் வேகமாக ஓடி என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் சேந்தன். அவனையே நடுக்காரனாக்கினார்கள்.

கரைமேல் ஒரு புதரில் தவிட்டுக்குருவிகள் சில குடியிருந்தன. அவை தண்ணீரில் இறங்கியதே இல்லை. மீனைத் தின்றதும் இல்லை. ஆனால் ஏரியில் யார் எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை பேசுவதுதான் அவற்றின் வேலை.

"இந்த மாதிரிப் பையன் நூறு வருஷத்துக்கு ஒருத்தன்தான் பிறப்பான்," என்றது ஒரு குருவி.

"போன வருஷம் ஒரு நீர்க்கோழியைப் பார்த்தும் இதையேதான் சொன்னே."

"அது போன வருஷம்."

சேந்தனுக்கு இந்தப் பேச்சு காதில் விழுந்தது. மனசுக்குள் குளிர்ந்தது. அன்றிரவு அவன் அக்கா மருதியிடம் அதைச் சொன்னான். மருதி இரண்டு குஞ்சுகளின் மேல் சிறகைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"குருவி சொல்றது இருக்கட்டும். நாளைக்கு மீன் கொண்டு வா," என்றாள்.

மறுநாள் காலை சேந்தன் நடுவில் நின்றான். கெண்டைக் கூட்டம் ஒன்று இடப்பக்கம் திரும்புவதை மற்ற யாருக்கும் முன்னால் அவன் கண்டுகொண்டான். "இடம்" என்று குரல் கொடுத்தான். எல்லோரும் திரும்பினார்கள். இடக்கோடியில் இருந்தவர் மட்டும் திரும்பவில்லை.

இடக்கோடியில் இருந்தவர் பெயர் தூங்கலார். பெருந்தாடையாரின் மனைவிக்குத் தம்பி. அவர் அந்தக் கோடியைக் காவல் காக்கிறார் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். மற்றவர்கள் நீந்தும்போது அவர் மிதப்பார். அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் எருமை ஒன்று தாராளமாகப் புகுந்து போகலாம். மீன்கள் எருமையைவிடச் சின்னவை. அன்றைக்கு அத்தனையும் அந்த வழியாகவே போயின.

சேந்தன் தலைவரிடம் போனான்.

"தலைவரே, இடக்கோடியில கொஞ்சம் இடைவெளி விழுது..."

பெருந்தாடையார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன் குரல்ல உறுதி பத்தலை தம்பி. நல்ல நடுக்காரன் பக்கத்துல இருக்கறவனைக் குறை சொல்ல மாட்டான்."

அன்று மாலை மருதி அவனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தாள். "தலைவரோட மச்சினரைப் பத்தி இனிமே வாயைத் திறக்காதே. நமக்கு இந்த மரத்துல கூடு இருக்கணும்."

அதன்பிறகு சேந்தன் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "அள்ளு" என்று சொல்வதற்கு முன் அவன் கழுத்து தானாக இடப்பக்கம் திரும்பியது. தூங்கலார் வந்துவிட்டாரா என்று பார்த்தான். அவர் வருவதற்காகக் காத்திருந்தான். காத்திருந்த நேரத்தில் மீன் போயிற்று.

"பையனுக்குத் தாமதம்," என்றன தவிட்டுக்குருவிகள். "பயிற்சி வேணும்."

பெருந்தாடையாரும் அப்படித்தான் நினைத்தார். வெளியிலிருந்து ஒரு வாத்தியாரை வரவழைத்தார்.

முதலில் வந்தவர் நீர்க்காகம். கறுகறுவென்று பளபளக்கும் உடம்பு. தண்ணீரில் மூழ்கினால் எங்கே எழுவார் என்று தெரியாது. எழும்போது வாயில் கெளுத்தி துடிக்கும்.

"மேல நின்னுக்கிட்டு என்னடா பார்க்கறே? மீன் கீழ இருக்கு. முங்கு," என்றார்.

சேந்தன் முங்கினான். கூழைக்கடாவின் உடம்புக்குள் காற்றுதான் அதிகம். அவன் தலையை உள்ளே விட்டால் வால் மேலே நின்றது. வாலை உள்ளே இழுத்தால் தலை மேலே வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மொத்தமாக இறங்கினால் நெட்டி போலப் பொத்தென்று மேலே வந்து பக்கத்தில் இருந்தவர் மேல் விழுந்தான்.

"முயற்சி பத்தலை," என்றார் நீர்க்காகம். "நான் உன் வயசுல ஏரியோட அடிமண்ணைத் தொட்டுட்டு வருவேன்."

"நீங்க நீர்க்காகம் ஐயா."

"எதிர்த்துப் பேசறான் பாருங்க," என்றார் அவர் தலைவரைப் பார்த்து.

கொஞ்ச நாளில் அவரை அனுப்பிவிட்டுச் சாம்பல் நாரையை அழைத்தார்கள். நாரை ஒற்றைக் காலில் நின்று, அதுவரை கற்றதை எல்லாம் மறந்துவிடச் சொன்னார். "அசையாதே. மூச்சு விடாதே. மீன் உன்னைத் தேடி வரும்," என்றார். சேந்தன் அசையாமல் நின்றான். பின்னால் கூட்டம் முழுவதும் அசையாமல் நின்றது. மீன்கள் அவர்கள் கால்களுக்கு நடுவே நிம்மதியாக உலாவிவிட்டுப் போயின.

அவருக்குப் பின் மீன்கொத்தி வந்தார். உடம்பு சின்னது. குரல் பெரியது. நாரை சொன்னதைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நின்னா மீன் வருமா? யோசிக்கவே கூடாது. மரத்து உச்சியில உக்காரு. கண்ணுல பட்ட நொடியில தலைகீழா விழு."

சேந்தன் உச்சியிலிருந்து விழுந்தான். ஏரிக்கரையே அதிரும்படி விழுந்தான். கழுத்து சுளுக்கிக்கொண்டது. எழும்பிய அலையில் வளைவே கலைந்தது. தூங்கலார் மட்டும் அப்போதும் விழிக்கவில்லை.

இப்படி மூன்று வாத்தியார்களிடம் படித்து முடித்தபோது சேந்தனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதுவும் வரவில்லை. மீன் கூட்டத்தைக் கண்டதும் ஒரு குரல் முங்கு என்றது. ஒரு குரல் பொறு என்றது. இன்னொரு குரல் விழு என்றது. தூங்கலார் வந்தாரா என்ற பழைய கவலை வேறு. இத்தனைக்கும் நடுவில் "அள்ளு" என்ற சொல் அவன் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

கோடை வந்தது. ஏரி வற்றி ஓரங்கள் வெடித்தன. எஞ்சியிருந்த மீன்கள் மதகுப் பள்ளத்தில் திரண்டன. அப்படி ஒரு வாய்ப்பு வருஷத்தில் ஒருமுறைதான் கிடைக்கும். கூட்டம் முழுவதும் வளைந்து நின்றது. கெண்டைகள் வெள்ளி போல மின்னிக்கொண்டு கூடின. சேந்தன் பார்த்தான். சரியான நேரம் இதுதான் என்று அவனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான். இடப்பக்கம் பார்த்தான். குரல் வரவில்லை.

குரல் வந்தபோது பள்ளத்தில் சேறு மட்டும் கலங்கிக் கிடந்தது.

அந்த வாரம் மருதியின் சின்னக் குஞ்சு தலை தூக்கவில்லை. பெரியது மட்டும் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டிருந்தது. சேந்தன் கூட்டுக்கு அருகே வரத் துணியாமல் கீழ்க்கிளையில் உட்கார்ந்தான். அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"நீயும்தானே எதுவும் சாப்பிடலை?" என்றாள் மருதி. "மேல வந்து உக்காரு."

அதைக் கேட்டதும்தான் அவனுக்கு அழுகை வந்தது.

பெருந்தாடையார் கூட்டம் கூட்டினார். மூன்று வாத்தியார்களையும் வரவழைத்தார். சேந்தனை நடுவில் நிறுத்தி எல்லோரும் அவனைப் பற்றிப் பேசினார்கள். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நான் சொன்ன மாதிரி முங்கியிருந்தா இந்த நிலைமை வந்திருக்காது," என்றார் நீர்க்காகம்.

"பொறுமை கிடையாது," என்றார் நாரை.

"ரொம்ப யோசிக்கறான்," என்றார் மீன்கொத்தி.

"முதல் நாளே நாங்க சந்தேகப்பட்டோம்," என்றன புதரிலிருந்து தவிட்டுக்குருவிகள். "கழுத்து அமைப்பே சரியில்லை."

பெருந்தாடையார் பெருமூச்சு விட்டார். "வாத்தியாருக்கு மேல வாத்தியார் வெச்சாச்சு. ஒரு கூட்டம் இதுக்கு மேல என்னதான் செய்ய முடியும்?"

தூங்கலார் கண்ணைத் திறந்து, "நம்ம காலத்துல இப்படியெல்லாம் இல்லை," என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் பக்கத்துப் பாசிக்குளத்திலிருந்து வெண்ணி என்ற கூழைக்கடா வந்திருந்தாள். அங்கே கூட்டம் சிறியது. அவள்தான் தலைவி. சேந்தனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள்.

"எங்க வளைவுக்கு ஓரத்துல ஆள் பத்தலை. யாரையாவது அனுப்புவீங்களா?" என்று கேட்டாள்.

பெருந்தாடையார் முகம் மலர்ந்தது. "இவனைக் கூட்டிக்கிட்டுப் போம்மா. நடுவுல மட்டும் நிறுத்திடாதே. அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது."

பாசிக்குளத்தில் சேந்தன் வலக்கோடியில் நின்றான். பல நாள் யாரும் அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. நடுவில் வெண்ணி குரல் கொடுத்தாள். அவன் சிறகை அடித்தான். கிடைத்ததைத் தின்றான். நான் எதற்கும் உதவ மாட்டேன் என்று தெரிந்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஒருநாள் மீன்பிடி முடிந்ததும் வெண்ணி அவன் பக்கத்தில் வந்து சிறகைக் கோதினாள்.

"இன்னிக்கு நீ என்ன பார்த்தே?"

சேந்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாணல்மேட்டில் யாராவது கேள்வி கேட்டால் அடுத்துத் திட்டு வரப்போகிறது என்று அர்த்தம்.

"நான் பார்த்தது தப்பாத்தான் இருக்கும்."

"சரியா தப்பான்னு கேக்கலை. என்ன பார்த்தேன்னு கேட்டேன்."

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "விரால் ஒண்ணு உள்ள இருந்துச்சு. அதுக்குப் பயந்து கெண்டையெல்லாம் வலப்பக்கம் திரும்பிடுச்சு. நீங்க... இடம்னு குரல் குடுத்தீங்க."

"அதான் பாதிப் பைகூட ரொம்பலையா," என்றாள் வெண்ணி. "நான் விராலைப் பார்க்கவே இல்லை."

ஒரு தலைவர் தன் தவறை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு நடுவுல நீ நில்லு," என்றாள்.

மறுநாள் நின்றான். முதலில் எல்லாம் நன்றாகப் போயிற்று. மீன் கூடியது. அவன் வாய் திறந்தது. கழுத்து இடப்பக்கம் திரும்பியது. அதற்குள் மீன் சிதறிவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சேந்தன் தானாகவே வலக்கோடிக்குப் போகத் திரும்பினான்.

"நில்லு," என்றாள் வெண்ணி. "குரல் குடுக்கறதுக்கு முன்னாடி ஏன் இடப்பக்கம் பார்த்தே?"

"நான் பார்த்தேனா?"

"ஒவ்வொரு தடவையும் பார்க்கறே."

அப்போதுதான் அது அவனுக்கே தெரிந்தது. "அந்தப் பக்கம் ஓட்டை இருக்கும்," என்றான்.

வெண்ணி அவனுக்கு எந்த வித்தையும் சொல்லித் தரவில்லை. நேரே நீந்திப் போய் இடக்கோடியில் நின்றாள்.

"இனிமே இந்தக் கோடி என் பொறுப்பு. நீ இங்க பார்க்க வேண்டியதில்லை. மீனை மட்டும் பாரு."

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பழகிய கழுத்து திரும்பிக்கொண்டேதான் இருந்தது. மறுநாளும் தவறியது. அதற்கு அடுத்த நாளும் தவறியது. கூட்டத்தில் ஒருவர் வெண்ணியிடம் வந்து, "இவனை இன்னும் எதுக்கு வெச்சிருக்கே? வேற வாத்தியார் யாரையாவது பார்க்கலாமே," என்றார்.

"வாத்தியார் போதும் அண்ணே. இவனுக்கு இப்ப வேண்டியது கொஞ்சம் நிம்மதி," என்றாள் அவள்.

ஒரு காலையில் பனி கலைந்தபோது மீன்கள் கூடின. சேந்தன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். விரால் எங்கே இருக்கிறது, கெண்டை எப்படித் திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். "அள்ளு" என்ற சத்தம் கேட்டது. யார் குரல் என்று அவனே ஒரு கணம் திகைத்தான். சுற்றிலும் எல்லோர் தாடையும் நிறைந்து தொங்கியது. இடப்பக்கம் பார்க்க மறந்துபோயிருந்தான்.

அதன்பின் பாசிக்குளத்தில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. மருதி தனக்கு எஞ்சியிருந்த பெரிய குஞ்சுக்குச் சிறகு முளைத்ததும் அதையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

செய்தி நாணல்மேட்டுக்கு எட்டியது.

"நூறு வருஷத்துக்கு ஒருத்தன்னு நாங்கதான் முதல்ல சொன்னோம்," என்றன தவிட்டுக்குருவிகள்.

"அவன் கண்ணு கூர்மையானது என்கிட்ட முங்கப் படிச்சதாலதான்," என்றார் நீர்க்காகம். நாரை அதை மறுத்தார். இருவரையும் மீன்கொத்தி மறுத்தார். சண்டை முற்றி மூவரும் சேர்ந்து தலைவரிடம் போனார்கள். தலைவர் மூவரையும் கூட்டிக்கொண்டு பாசிக்குளத்துக்கே வந்தார். மச்சினரும் கூட வந்தார். வழியில் நல்ல காற்று இருந்ததால் அவர் சிறகை அசைக்க வேண்டியிருக்கவில்லை. கூட ஓர் இளம் பெண் பறவையும் வந்திருந்தது. அவள் பெயர் ஆம்பல். நாணல்மேட்டின் புதிய நடுக்காரி.

"நாங்க வளர்த்த பிள்ளை," என்று பெருந்தாடையார் சேந்தனைக் கழுத்தோடு கழுத்து சேர்த்துக்கொண்டார். "போதும் தம்பி, ஊருக்கு வா. இந்தப் பொண்ணுக்கு நீயே சொல்லிக்குடு. இவ ஓட்டத்துல உன்னையே முந்திடுவா. ஆனா குரல் குடுக்கறதுல கொஞ்சம் தாமதம்."

சேந்தன் ஆம்பலைப் பார்த்தான். அவள் கழுத்தில் சுளுக்கு இன்னும் இறங்கவில்லை.

"மீன் கூடினதும் நீ என்ன பார்ப்பேம்மா?" என்று கேட்டான்.

"அடியில பார்க்கணும்," என்றார் நீர்க்காகம்.

"பார்த்துட்டு நிக்கணும்," என்றார் நாரை.

"நிக்கவே கூடாது," என்றார் மீன்கொத்தி.

ஆம்பலின் கழுத்து மெல்ல இடப்பக்கம் திரும்பியது. அங்கே தூங்கலார் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

சேந்தன் பெருந்தாடையார் பக்கம் திரும்பினான்.

"தலைவரே, நான் வர்றேன். இவளுக்கு நானே சொல்லியும் தர்றேன். உங்க மச்சினர் அந்தக் கோடியை விட்டு வருவாரா?"

பெருந்தாடையார் முகம் இறுகியது. "அவர் அனுபவசாலிப்பா. அவரை எப்படி மாத்தறது? பிரச்சினை நடுவுல இருக்கறப்போ நீ ஓரத்தைப் பத்திப் பேசறே."

"அப்படின்னா நான் வந்து பிரயோஜனமில்லை. நாலாவது வாத்தியாராத்தான் இருப்பேன். இவளை இங்க விட்டுட்டுப் போங்க."

"நாங்க இவ்வளவு செலவழிச்சு வளர்க்கற பொண்ணை விட்டுட்டுப் போறதா?" என்று பெருந்தாடையார் கோபத்தோடு சிறகை விரித்தார். எல்லோரும் கிளம்பினார்கள். ஆம்பலும் போனாள்.

மறுநாள் காலையில் பாசிக்குளத்தின் கரையில் ஓர் இளம் கூழைக்கடா தனியாக நின்றுகொண்டிருந்தது. இறங்கலாமா வேண்டாமா என்று தயங்கியது.

"நான் எங்க நிக்கணும்?" என்றாள் ஆம்பல்.

"இப்போதைக்கு அந்த ஓரத்துல," என்றான் சேந்தன். "சாயங்காலம் நீ பார்த்ததைச் சொல்லு. நான் கேக்கறேன்."

அதே நேரத்தில் நாணல்மேட்டுக் கரையில் பெருந்தாடையார் இளம் பறவைகளை வரிசையாக நிறுத்தி ஓடச் சொல்லிக்கொண்டிருந்தார். புதரில் குருவிகள் நூறு வருஷத்துக்கு ஒருத்தனைத் தேடிக்கொண்டிருந்தன.

ஆகவே, ஓர் இளையவர் தடுமாறினால் அவர் எதற்கும் உதவமாட்டார் என்று தள்ளிவிடும் முன், அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களையும் அவர் பக்கத்தில் நின்றவர்களையும் முதலில் எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.